ஜப்பானில் மாகாண ஆளுநரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு? ஒருவரே எத்தனை முறை இருக்கலாம்?

நான்கு ஆண்டு. எத்தனை முறை வேண்டுமானாலும். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர் என்றால் இத்தோடு குறித்துக்கொண்டு கிளம்பிவிடலாம், மீதி எல்லாம் என் சொந்தப் புலம்பல்.

இந்த "ஆளுநர்" என்ற சொல் ஒருமுறை என் மானத்தை வாங்கியிருக்கிறது. 2015 கோடை. சைதாமா மாகாணத்தில் வீடு எடுத்துக் குடிவந்த புதிது. சனிக்கிழமைகளில் ஊர்ச் சமூகக்கூடத்தில் வெளிநாட்டவர்களுக்கு இலவச ஜப்பானிய வகுப்பு நடக்கும். எங்கள் சென்சே (ஆசிரியர்) எழுபது தாண்டியவர், மாகாண அரசு அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். அன்றைக்கு வாசலில் தேர்தல் சுவரொட்டிப் பலகை நட்டிருந்தார்கள். கட்டம் போட்டு எண் எழுதி, வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு கட்டம், அதற்கு வெளியே ஒரு அங்குலம் போகாது. நம்மூர்ச் சுவர்களைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அதுவே பெரிய அதிசயம். சென்சே அதைக் காட்டி, "உங்கள் ஊர் சிஜியைப் பற்றி மூன்று வாக்கியம் சொல்லுங்கள்" என்றார்.

அகராதியில் சிஜி என்றால் கவர்னர். நான் எழுந்து நின்று, மனப்பாடம் செய்த இலக்கணத்தோடு, "எங்கள் சிஜியை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. டெல்லியிலிருந்து அனுப்புவார்கள். பெரிய மாளிகையில் இருப்பார், வேலையை வேறொருவர் பார்ப்பார்" என்றேன். பக்கத்து மேசை வியட்நாம் பையன் சிரித்தே விட்டான். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை என்பதுதான் கொடுமை.

சென்சே சிரிக்கவில்லை. "1947 வரை எங்களுக்கும் அப்படித்தான்" என்றார். போருக்கு முன்பு உள்துறை அமைச்சகம்தான் அதிகாரிகளை மாகாணத்துக்கு மாகாணம் சிஜியாக அனுப்புமாம், ஊர் பழகுவதற்குள் மாற்றலாகிப் போய்விடுவார்களாம். 1947 ஏப்ரலில்தான் மக்களே வாக்களித்து ஆளுநரைத் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தார்கள். இப்போது 47 மாகாணங்களிலும் நேரடித் தேர்தல்தான், 30 வயது ஆன ஜப்பானியக் குடிமகன் யாரும் நிற்கலாம். அதனால் நம்மூர் ஆளுநரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படிக்காதீர்கள். முதலமைச்சர் என்று வைத்துக்கொள்வதும் முழுச் சரியில்லை, இங்கே மக்கள் ஆளுநருக்குத் தனியாகவும் மாகாணப் பேரவைக்குத் தனியாகவும் ஓட்டுப் போடுகிறார்கள். பேரவையில் பெரும்பான்மை எதிர்த்தாலும் ஆளுநர் உட்கார்ந்திருக்கலாம்.

அப்புறம்தான் சென்சே விஷயத்துக்கு வந்தார். வகுப்பில் அரசியல் பேசக்கூடாது என்று சுவரில் காகிதம் ஒட்டியிருக்கும். அதனால் எங்களை வாசலுக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பலகையில் ஒரு முகத்தைக் காட்டினார். உயேதா கியோஷி. 2003-ல் ஆளுநரானவர், மறு ஆண்டே, தொடர்ந்து மூன்று முறைக்கு மேல் பதவியில் இருக்காமல் இருக்க முயல வேண்டும் என்று மாகாணச் சட்டமே கொண்டுவந்தவர். "இது நாலாவது தடவை" என்று நான்கு விரலைக் காட்டிவிட்டு உள்ளே போய் வினைச்சொல் நடத்த ஆரம்பித்துவிட்டார். உயேதா அந்தத் தேர்தலிலும் ஜெயித்தார், 2019 வரை இருந்தார்.

உடனே நான் அவரைத் திட்டுவதாக எழுதிக்கொண்டு வராதீர்கள். "முயல வேண்டும்" என்றுதான் சட்டத்தில் இருந்தது, மீறினால் தண்டனை கிடையாது, மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் வந்தார். நான் சொல்ல வருவது, ஒரு மாகாணம் தானாக முடிவெடுத்து உச்சவரம்பு வைக்க இங்கே வழியில்லை என்பதை. கானகாவா மாகாணத்தில் 2007-ல் மூன்று முறைக்கு மேல் கூடாது என்று கறாராகவே ஒரு சட்டம் நிறைவேற்றினார்கள். தேசிய உள்ளாட்சிச் சட்டம் திருத்தப்படாமல் அதை நடைமுறைப்படுத்த முடியாது என்று அப்படியே கிடக்கிறது. அங்கே இப்போதைய ஆளுநர் 2023-ல் நான்காவது முறையாக ஜெயித்துவிட்டார்.

இஷிகாவாவைப் பார்த்தால் இதெல்லாம் ஒன்றுமேயில்லை. 1963-ல் வந்த நகானிஷி யோய்ச்சி எட்டு முறை ஜெயித்து 1994-ல் பதவியிலேயே இறந்தார். அவருக்குத் துணை ஆளுநராக இருந்த தனிமோதோ மசானோரி அடுத்து வந்து ஏழு முறை, 2022 வரை. 59 வருடத்துக்கு இரண்டே பேர்! அங்கே பிறந்து தாத்தாவான ஒருவர் இரண்டே ஆளுநர்களைப் பார்த்திருப்பார். மூன்றாவதாக வந்தவர் முன்னாள் மல்யுத்த வீரர் ஹாசே ஹிரோஷி, அது தனிக் கதை.

நான்கு ஆண்டு என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. பதவிக்கு நடுவில் ஆளுநர் தானாக ராஜினாமா செய்து, அதனால் வரும் தேர்தலில் அவரே நின்று ஜெயித்தால் புதிதாக நான்கு ஆண்டு கிடைக்காது, பழைய கணக்கில் மிச்சமிருப்பது மட்டும்தான். இதைச் சுற்றிப் போக 2019-ல் ஒசாகாவில் ஆளுநரும் நகர மேயரும் ஒரே நேரத்தில் ராஜினாமா செய்து, அவர் மேயருக்கும் இவர் ஆளுநருக்கும் நின்றார்கள். இரண்டு பேரும் ஜெயித்தார்கள், ஆளுக்கு முழு நான்கு ஆண்டு. கில்லாடிகள்.

ஆனால் ராஜினாமா செய்யாமல் பதவியை இழந்தால் கணக்கு வேறு. ஹியோகோ மாகாணத்தில் 2024 செப்டம்பரில் பேரவை உறுப்பினர்கள் 86 பேரும் ஒருமனதாக ஆளுநர் சைதோ மோதோஹிகோ மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் போட்டார்கள். அப்படி வந்தால் பத்து நாளுக்குள் பேரவையைக் கலைக்கலாம், இல்லையென்றால் பதவி தானாகப் போய்விடும். அவர் கலைக்கவில்லை, பதவி போனது, நவம்பரில் திரும்ப நின்று ஜெயித்தார், புதிதாக நான்கு ஆண்டு. அவர் செய்தது சரியா தவறா என்று இங்கே சண்டை வேண்டாம், அதற்கு ஜப்பானியர்களே போதும்.

இவ்வளவு தெரிந்து வைத்திருக்கிறாயே, நீ யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று கேட்டால் பதில் கிடையாது. வெளிநாட்டவருக்கு இங்கே வாக்குரிமை இல்லை, பஞ்சாயத்து அளவில்கூட. எங்கள் ஊரில் குடியிருப்பு வரி பத்து சதவீதத்தில் நான்கு மாகாணத்துக்குப் போகிறது, அது மட்டும் தவறாமல் பிடிக்கிறார்கள். குடியுரிமை வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே என்பவர்களுக்கு, இந்தியக் கடவுச்சீட்டை விட வேண்டும், ஊரில் அம்மா இருக்கிறார், விடுங்கள். 2023 ஆளுநர் தேர்தலில் சைதாமாவில் வாக்குப்பதிவு 23.76 சதவீதம். உரிமை இருப்பவர்களில் நாலில் மூன்று பேர் வீட்டில் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நான் வெயிலில் அந்தப் பலகை முன் நின்று கட்டங்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தப் பக்கம் வாடகை வீட்டு ஒப்பந்தம் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை முடியும். தொடர்ந்து இருக்க ஒரு மாத வாடகையைப் "புதுப்பித்தல் கட்டணம்" என்று தனியாகக் கட்ட வேண்டும். எதற்கு என்று கேட்டால் வழக்கம் என்பார்கள். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கவில்லை, குளியலறைக் கதவு 2018-லிருந்து பாதிதான் மூடும். இதுவரை ஐந்து முறை கட்டியாயிற்று. ஆளுநருக்கோ ஒவ்வொரு பதவிக்காலம் முடியும்போதும் பெரும்பாலான மாகாணங்களில் ஓய்வுத்தொகை கொடுத்து அனுப்புகிறார்கள், அடுத்த நாளே திரும்ப அதே நாற்காலியில் உட்கார்ந்தாலும்.

சைதாமாவில் அடுத்த தேர்தல் 2027-ல் வர வேண்டும். எனக்கு ஆறாவது புதுப்பித்தலும் அதே வருடம்தான்.