டாம் அண்ட் ஜெர்ரி மாதிரி அடிதடி கார்ட்டூன்கள் இன்றைய டிவிக்கு ஏன் ஒத்துவராமல் போயின?

கேள்வி கேட்டவர் பதிலையும் கூடவே சொல்லிவிட்டார்: "இப்போதைய பெற்றோர் எதற்கெடுத்தாலும் பதறுகிறார்கள், அதனால்தானே?" பதற்றத்துக்கும் இதில் பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பதற்றம் புதிதல்ல, ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதற்கும் முன்னால் நடந்த ஒன்றுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்தப் படங்களை டிவிக்காக யாரும் எடுக்கவில்லை. குழந்தைகளுக்கென்றும் எடுக்கவில்லை.

வில்லியம் ஹன்னாவும் ஜோசப் பார்பராவும் 1940 முதல் 1958 வரை எம்ஜிஎம் நிறுவனத்துக்காக 114 டாம் அண்ட் ஜெர்ரி படங்கள் செய்தார்கள். அத்தனையும் தியேட்டருக்கு. டிக்கெட் எடுத்து உள்ளே போனால் முதலில் நியூஸ் ரீல், அப்புறம் ஏழெட்டு நிமிஷக் கார்ட்டூன், பிறகுதான் மெயின் படம். வேலை முடிந்து வந்த ஆள், காதலியோடு வந்தவன், லீவில் வந்த சிப்பாய், மடியில் குழந்தையோடு அம்மா என்று எல்லாரும் கலந்து உட்கார்ந்திருந்த கூட்டம் அது. அந்தத் தொடருக்கு முதல் ஆஸ்கர் வாங்கித் தந்த 1943-ஆம் வருஷப் படத்தைப் பாருங்கள். உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். வீட்டின் நிலவறையே போர்க்களம். ஜெர்ரி முட்டைகளைக் கையெறி குண்டாக வீசும், மேலிருந்து பல்பைக் குண்டாகப் போடும், கடைசியில் ஒரு பிராவைப் பாராசூட்டாக்கிக்கொண்டு குதிக்கும். இது யாருக்கான ஜோக் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

எங்கள் வீட்டில் கார்ட்டூன் நெட்வொர்க் போட்டாலே அப்பாவுக்குப் பிடிக்காது. "படிக்கிற புள்ளைங்களா இதுங்க" என்பார். டாமும் ஜெர்ரியும் வந்தால் மட்டும் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எங்களுக்கு முன்னால் அவர் சிரிப்பார். பெரும்பாலும் பேச்சே இல்லாத படம் என்பதால் ஆங்கிலம் தெரியவேண்டிய அவசியமும் இல்லை. பெரியவர்களுக்கு எடுத்த படம் பெரியவரைச் சிரிக்க வைத்தது, அவ்வளவுதான்.

அடுத்தது டைமிங். இதை விட்டுவிட்டு இந்தப் படங்களைப் பற்றிப் பேசவே முடியாது. ரோட் ரன்னர் என்ற வார்னர் கார்ட்டூன் பறவையைத் துரத்தும் அந்த ஓநாய், மலை விளிம்பைத் தாண்டி ஓடிப்போய், கீழே பார்த்து, நம்மை ஒரு பார்வை பார்த்துவிட்டு விழுமே, ஞாபகம் இருக்கிறதா? சின்னப் புள்ளியாகி மறையும். ஒரு கணம் ஒன்றும் இருக்காது. அப்புறம் அடியில் 'பொஃப்' என்று கொஞ்சம் தூசி. அந்த ஒன்றுமில்லாத இடைவெளி 14 ஃப்ரேம் என்று அதன் இயக்குநர் சக் ஜோன்ஸ் சொல்லியிருக்கிறார். 13 வைத்தாலும் சிரிப்பு வரவில்லை, 15 வைத்தாலும் வரவில்லையாம். ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். அப்படியென்றால் முக்கால் நொடிகூட இல்லாத ஒரு மௌனத்தை எண்ணி எண்ணி வைத்திருக்கிறார்கள். டாம் அண்ட் ஜெர்ரியில் இதே வேலையை ஸ்காட் பிராட்லியின் ஆர்கெஸ்ட்ரா செய்தது. ஒவ்வொரு காலடிக்கும், ஒவ்வொரு உதைக்கும் ஒரு சுரம். டாமின் அந்த அலறல் இருக்கிறதே, அது ஹன்னாவே மைக் முன்னால் நின்று கத்தியது.

இதற்கெல்லாம் காசு வேண்டும், ஆள் வேண்டும். குறும்படங்களைத் தியேட்டர்கள் மொத்தமாக வாங்கியே தீரவேண்டும் என்றிருந்த ஏற்பாட்டை 1948-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் உடைத்தது. இன்னொரு பக்கம் டிவி வளர்ந்தது. 1957-ல் எம்ஜிஎம் தன் கார்ட்டூன் பிரிவையே மூடிவிட்டது. வேலை போன ஹன்னாவும் பார்பராவும் டிவிக்குப் போனார்கள். அங்கே கிடைத்த பட்ஜெட் பழையதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. என்ன செய்வார்கள்? உடம்பை அசைக்காமல் வாயை மட்டும் அசைய வைத்தார்கள், ஓடும்போது பின்னால் அதே மரமும் அதே வீடும் திரும்பத் திரும்ப வரும். 'படம் போட்ட ரேடியோ' என்று சக் ஜோன்ஸ் நக்கலடித்தது இதைத்தான். விழுந்து எழும் காமெடி உடம்பால் செய்வது. உடம்பு அசையவில்லையென்றால் அந்தக் காமெடி எங்கே பிறக்கும்? தணிக்கைக்காரர்கள் கத்தரியோடு வரும் முன்பே வறுமை பாதி வேலையை முடித்துவிட்டது.

பழைய தியேட்டர் படங்களோ டிவிக்கு மலிவாகக் கிடைத்தன. 1956-லேயே வார்னர் ஸ்டுடியோவின் பழைய கார்ட்டூன்கள் மொத்தமாகக் கைமாறின. 1960-களில் இப்படிப்பட்ட பழைய படங்கள் சனிக்கிழமைக் காலைக்கு வந்து சேர்ந்தன. கூட்டத்தோடு உட்கார்ந்து ஒரே ஒருமுறை பார்க்கவேண்டிய ஏழு நிமிஷம், அம்மா அப்பா தூங்கிக்கொண்டிருக்கும்போது ஒரு குழந்தை தனியாக உட்கார்ந்து வாராவாரம் பார்ப்பதாக மாறியது. இடையிடையே பொம்மை விளம்பரம், சர்க்கரை போட்ட காலை உணவு விளம்பரம். படத்தில் ஒரு ஃப்ரேம்கூட மாறவில்லை, பார்க்கும் இடமும் ஆளும் மாறிவிட்டார்கள். என்னைக் கேட்டால் மொத்தப் பிரச்சினையும் இங்கேதான் ஆரம்பம்.

அதே சமயத்தில் ஆராய்ச்சியாளர்களும் வந்துவிட்டார்கள். ஸ்டான்ஃபோர்டில் ஆல்பர்ட் பாண்டுரா, காற்றடைத்த பொம்மையை ஒரு பெரியவர் உதைப்பதைக் குழந்தைகளுக்குக் காட்டி, பிறகு அவர்களும் உதைக்கிறார்களா என்று பார்த்தார். 1963-ல் வந்த இரண்டாம் சுற்றில், கருப்புப் பூனை வேஷம் போட்ட ஒருவர் அதே பொம்மையை அடிப்பதை டிவியில் கார்ட்டூன் மாதிரி காட்டினார்கள். அதைப் பார்த்த குழந்தைகளும் கூடுதலாக அடித்தார்கள். அடித்தால் திரும்ப எழுந்து நிற்கிற பொம்மையைக் கொடுத்தால் எந்தக் குழந்தைதான் அடிக்காது என்று எனக்கு இன்னமும் தோன்றும். ஆனாலும் பெற்றோர் மனசில் விதை விழுந்துவிட்டது.

1968-ல் மார்ட்டின் லூதர் கிங்கும் ராபர்ட் கென்னடியும் அடுத்தடுத்துச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வீட்டுக்குள் வன்முறை எந்த வடிவில் வந்தாலும் வேண்டாம் என்ற மனநிலை. அதே வருஷம் மாசசூசெட்ஸில் பெக்கி சாரன் என்ற தாய் ஆரம்பித்த பெற்றோர் அமைப்பு, குழந்தைகள் நிகழ்ச்சிகளின் தரத்தையும் விளம்பரங்களையும் கேள்வி கேட்டது. சேனல்கள் பயந்தன. 1969-ல் வந்த ஸ்கூபி டூ அந்தப் பயத்தில் பிறந்தது: துரத்தல் உண்டு, பேய் உண்டு, யாருக்கும் அடி இல்லை. 1975-ல் டாமும் ஜெர்ரியும் ஏபிசி சேனலுக்குத் திரும்பி வந்தபோது இரண்டும் நண்பர்கள்! ஜெர்ரி கழுத்தில் சிவப்பு வில் டை வேறு. கைகோத்துக்கொண்டு ஊர் சுற்றும். செய்தது வேறு யாருமல்ல, ஹன்னா-பார்பரா நிறுவனமேதான். ஒரே பருவத்தோடு ஓய்ந்தது.

பழைய படங்களை வெட்டி ஒளிபரப்பியது இதைவிடக் கொடுமை. வார்னர் படம் ஒன்றில் வேட்டைக்காரன் எல்மர் துப்பாக்கியோடு நிற்பான். முயல் வேட்டைக் காலமா, வாத்து வேட்டைக் காலமா என்று பக்ஸ் பன்னியும் டாஃபி வாத்தும் வாக்குவாதம் செய்யும். பேச்சிலேயே பக்ஸ் மாட்டிவிட, "சுடு" என்று டாஃபி தன் வாயாலேயே சொல்லும். டுமீல்! புகை அடங்கும்போது அலகு தலைக்குப் பின்பக்கம் போயிருக்கும். டாஃபி அதைத் திருப்பி வைத்துக்கொண்டு, அடிபட்டவனின் வலியே இல்லாமல், தோற்ற வக்கீலின் எரிச்சலோடு அடுத்த வாதத்தை ஆரம்பிக்கும். அமெரிக்க சேனல்கள் அந்த டுமீலை வெட்டின. மிச்சம் என்ன? துப்பாக்கி நீளும், சட்டென்று வாத்தின் அலகு பின்னால். ஏன், எப்படி என்று ஒன்றும் விளங்காது. 14 ஃப்ரேமுக்காக மண்டையை உடைத்துக்கொண்டவர்களின் படத்தில் இரண்டு நொடி கத்தரி போட்டால் கேலி போய்விடும், மிரட்டல் மட்டும் மிஞ்சும். ஒளிபரப்பாமலே இருந்திருக்கலாம்.

சரி, எல்லாமே வீண் பதற்றம்தானா? இல்லை. அடிதடி ஒரு விஷயம், இனக் கேலி முற்றிலும் வேறு விஷயம். இரண்டையும் ஒரே மூட்டையில் கட்டுவதுதான் இந்த விவாதத்தின் பெரிய கோளாறு. டாம் அண்ட் ஜெர்ரியில் முகம் காட்டாத ஒரு கறுப்பினப் பெண் வருவார், பெரும்பாலும் இடுப்புக்குக் கீழே, காலும் செருப்பும்தான் தெரியும். வேலைக்காரப் பெண் என்ற பழைய அமெரிக்க அச்சு வார்ப்பு அது. கறுப்பினத்தவரின் உரிமை அமைப்பான என்ஏஏசிபி அப்போதே எதிர்ப்புத் தெரிவித்தது. 1952-க்குப் பிறகு அவர் வரவில்லை. 1960-களில் சிபிஎஸ் சேனல் ஒளிபரப்புக்காக அந்தக் கால்களை அழித்து வெள்ளைக்காரப் பெண்ணாக வரைந்து, வேறு குரலும் கொடுத்தார்கள். வெடி வெடித்ததும் டாமின் முகம் கரியாகி உதடு தடிக்குமே, அதை நாம் அடுப்புக்கரி பூசிய முகமாகத்தான் பார்த்தோம். அமெரிக்காவில் கறுப்பர்களை இழிவுபடுத்த வெள்ளையர்கள் மேடையில் பூசிக்கொண்ட வேஷத்தின் நேரடி நகல் அது. அந்த வரலாறு தெரிந்தபின் அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. வார்னரின் 11 படங்கள் இந்தக் காரணத்துக்காகவே 1968-ல் டிவி விநியோகத்திலிருந்து மொத்தமாக எடுக்கப்பட்டன. சரியான முடிவுதான். அழித்து வரைந்ததைவிட, 2014-ல் அமேசானும் ஐடியூன்ஸும் செய்த மாதிரி முன்னால் ஓர் எச்சரிக்கை போட்டு அப்படியே காட்டுவது இன்னும் நேர்மை.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. மெக்சிகோக்காரர்களைக் கேலி செய்வதாகச் சொல்லி ஸ்பீடி கொன்சாலஸ் எலியை அமெரிக்கக் கார்ட்டூன் நெட்வொர்க் 1999-ல் நிறுத்தி வைத்தது. எதிர்ப்பு யாரிடமிருந்து வந்தது தெரியுமா? லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரிடமிருந்தே. அவர்களுக்கு அது பூனைகளை ஏமாற்றும் தங்கள் ஊர் நாயகன். 2002-ல் திரும்ப வந்தது. யாருக்காகப் பரிந்து பேசுகிறோமோ அவர்களை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

சிகரெட் விவகாரம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. 2006-ல் பிரிட்டனில் ஒரு நேயர், டாம் சிகரெட் சுருட்டுவதைப் பற்றிப் புகார் கொடுத்தார். அங்கே ஒளிபரப்பைக் கண்காணிக்கும் ஆஃப்காம் விசாரித்தது. ஒளிபரப்பிய நிறுவனம் 1,500-க்கும் மேற்பட்ட பழைய கார்ட்டூன்களை உட்கார்ந்து சலித்துப் பார்க்க முடிவெடுத்தது. ஒரே ஒரு புகார்! 2016-ல் எகிப்தின் அரசுத் தகவல் துறைத் தலைவர் மத்தியக் கிழக்கு வன்முறைக்கு டாம் அண்ட் ஜெர்ரியும் ஒரு காரணம் என்று பேசினார். பூனை பாவம், எவ்வளவுதான் தாங்கும்.

இன்றைய நிலைமைக்கு வருவோம். 2020-ல் பக்ஸ் பன்னி வகையறா வரும் லூனி ட்யூன்ஸைப் புதிதாக எடுத்தபோது எல்மர் கையில் துப்பாக்கி கிடையாது, அரிவாள். டைனமைட்டுக்கும் தலையில் விழும் இரும்புக்கும் தடையில்லை. கேட்க அபத்தமாக இருக்கும். ஆனால் பள்ளிக்கூடத்துக்குள் துப்பாக்கிச் சூடு நடக்கிற நாட்டில், எந்தக் குழந்தையும் நிஜத்தில் பார்த்திராத டைனமைட் வெறும் கார்ட்டூன் பொருள், துப்பாக்கி அப்படியில்லை. அந்தப் படங்களைப் பார்த்தேன், வேகம் நன்றாகவே இருந்தது. துப்பாக்கி இல்லாத குறை எனக்குத் தெரியவில்லை.

இதைவிட ஆழமான மாற்றம் ரசனையில் நடந்திருக்கிறது. இன்று பெற்றோர் கொண்டாடும், ஒரு நாய்க் குடும்பத்தின் கதையான ப்ளூயி தொடரும் ஏழு நிமிஷம்தான். ஆனால் அங்கே ஒரு குட்டிக்கு அடிபட்டால் அதுவே கதையாகிவிடும்: யார் மன்னிப்புக் கேட்பது, எப்படிச் சமாதானம் ஆவது. பழைய கார்ட்டூனின் முதல் விதியே, அடி யாருக்கும் மிஞ்சாது என்பதுதான். தட்டையானவன் அடுத்த காட்சியில் முழுசாக வருவான். பாத்திரத்துக்கு மனசு கொடுத்துவிட்டால் அப்புறம் அவன் தலையில் பியானோ போட முடியாது. நமக்கு வலிக்கும். நான் ப்ளூயியை விரும்பிப் பார்க்கிறவன்தான், குறையாகச் சொல்லவில்லை. இரண்டும் ஒரே வண்டியில் ஏறாது.

நம் ஊர் டிவியைப் பார்த்தால் "காலாவதியாகிவிட்டது" என்று சொல்லவும் முடியாது. ஆகி அண்ட் த காக்ரோச்சஸ் என்ற பிரெஞ்சுத் தொடர் இந்தியாவில் போட்ட போடு கொஞ்சமா? மோட்டு பட்லு 2012-லிருந்து உதை வாங்கிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஆனால் ஒன்று கவனியுங்கள். பேச்சில்லாமல் எடுத்த ஆகிக்கு இங்கே ஹிந்தியில் பேச்சைச் சேர்த்து, ஹீரோ நடிகர்களின் குரலை மிமிக்ரி செய்து ஒட்டினார்கள். அதற்கும் கூட்டம் சேர்ந்தது. எனக்குத்தான் அந்த மௌனம் போனதில் வருத்தம்.

கடைசியாக, குழந்தைகளுக்குக் காட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து காட்டுங்கள். டாம் பியானோ வாசிக்கும் 1947-ஆம் வருஷப் படம், ரோட் ரன்னர் படங்கள், முயலா வாத்தா என்ற அந்த மூன்று வேட்டைப் படங்கள், இவற்றிலிருந்து ஆரம்பிக்கலாம். பூனையும் எலியும் தண்டவாளத்தில் சோகமாக உட்கார்ந்திருக்கும் 1956-ஆம் வருஷப் படத்தை மட்டும் சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம், அதில் அடிதடியே இல்லை என்றாலும். வெட்டாத பிரதியாகத் தேடி எடுங்கள். ஃபோனில் வேண்டாம், வீட்டிலிருப்பதில் பெரிய திரையாகப் பார்த்துப் போடுங்கள். தாத்தா பாட்டி இருந்தால் அவர்களையும் கூப்பிடுங்கள்.