கேளுங்க, சொல்றோம்

கே: நம்ம ஆரணிக்காரர் யோகி பாபு காமெடியும் பண்ணிட்டாரு, ஹீரோவாவும் நடிச்சுட்டாரு. அவரே டைரக்ட் பண்ணா தேறுமா சார்? அப்படி ஜெயிச்சவங்க இருக்காங்களா?
- ஒரு வாசகர், காட்பாடி

ப: ஆரணி 1989லயே திருவண்ணாமலை பக்கம் போயிடுச்சேனு யாராச்சும் சண்டைக்கு வருவாங்க, வரட்டும், பழைய வட ஆற்காடு கணக்குல அவரு நம்மாளுதான். ஜெயிச்சவங்க இருக்காங்களான்னா, கலைவாணர் என்.எஸ்.கே. இருக்காரே! 1951ல 'மணமகள்', அடுத்த வருஷமே 'பணம்', ரெண்டும் அவர் டைரக்‌ஷன்தான், 'பணம்' சிவாஜிக்கு ரெண்டாவது படம், விஸ்வநாதன் ராமமூர்த்தி ஜோடியா மியூசிக் போட்டதும் அதுலதான் முதல்ல. அப்புறம் சந்திரபாபு 1966ல சாவித்திரியை வெச்சு 'தட்டுங்கள் திறக்கப்படும்' எடுத்தாரு, தட்டுனாரு தட்டுனாரு தொறக்கவே இல்ல. நாகேஷ் கூட 1985ல மகன் ஆனந்த் பாபுவை வெச்சு ஒண்ணு எடுத்தாரு, பேரு 'பார்த்த ஞாபகம் இல்லையோ'. எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்குனு தெரியல.

இப்ப உள்ளவங்கள்ல ஆர்.ஜே.பாலாஜி வெவரமான ஆளு. ரேடியோவுல பேசிப் பேசியே மேல வந்தவரு, 2020ல என்.ஜே.சரவணனோட சேந்து 'மூக்குத்தி அம்மன்' டைரக்ட் பண்ணப்போ தானே ஹீரோவா இருந்தும் டைட்டிலை நயன்தாராவுக்கு விட்டுட்டாரு பாருங்க, அங்கதான் நிக்கிறாரு. காமெடியன் கேமராவுக்குப் பின்னாடி போனதும் முதல்ல பண்ற தப்பே, தன்னை வெச்சு பத்து பேரை அடிக்கிற சீன் எழுதுறதுதான்.

யோகி பாபுகிட்ட அந்த வியாதி கம்மி. 'மண்டேலா'ல ஒழுங்கா ஒரு பேரு கூட இல்லாத முடிவெட்டுறவரா வருவாரு, போஸ்ட் ஆபீஸ்ல கணக்கு தொடங்கப் போனா அங்க வேலை பாக்குற பொண்ணுதான் பேர் வெச்சு விடும், அந்த எடத்துல மனுஷன் பஞ்ச் எதுவும் பேசாம மூஞ்சியிலயே நடிச்சிருப்பாரு. ஆனா அது மடோன் அஸ்வின் எழுத்து, தேசிய விருதும் அவருக்குத்தான் வந்துச்சு. டைரக்‌ஷன்னா கதையில உக்காரணும், எடிட்டிங்ல உக்காரணும், அதுவரைக்கும் மத்த கால்ஷீட்டை எல்லாம் விடணும். அவரு விடுவாரா? எனக்கு நம்பிக்கை இல்ல.

கே: வடிவேலு ஏன் டைரக்‌ஷன் பக்கமே வரல?
- ஒரு வாசகி, குடியாத்தம்

ப: இன்னாத்துக்கு வரணும்? 2006ல சிம்புதேவன் வந்து 'இம்சை அரசன் 23ம் புலிகேசி'னு ராஜா வேஷமே கட்டி விட்டாரு, அதுவும் ரெட்டை வேஷம். அந்த மாதிரி இன்னொரு டைரக்டர் வந்தா போதும்மா.