தெருக்கோடி மனை வணிக மண்டலமாகிறது: 150 கையெழுத்து போதுமா?

கேள்வி: எங்களுடையது சின்ன நகரம். எங்கள் தெருக்கோடியில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் காலி மனை குடியிருப்பு மண்டலத்தில் இருக்கிறது. அதை வணிக மண்டலமாக மாற்றக் கேட்டு உரிமையாளர் விண்ணப்பித்திருப்பதாக மனையில் அறிவிப்புப் பலகை வைத்திருக்கிறார்கள். ‘ஒரு சூப்பர் மார்க்கெட் மட்டும்தான் வரும்’ என்று சொல்லி, வண்ணப் படம் ஒன்றை வீடு வீடாகக் காட்டினார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. நாங்கள் 150 பேரிடம் கையெழுத்து வாங்கிவிட்டோம். இது போதுமா? வக்கீல் வைக்க வேண்டுமா?

பதில்: கையெழுத்து வாங்கியது வீணில்லை. ஆனால் எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்பதை மட்டும்தான் அது சொல்லும். ஏன் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லாது. கூட்டத்தில் உட்காரப் போகிறவர்களுக்குத் தேவைப்படுவது அந்த ‘ஏன்’தான். வக்கீல் விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் அந்தப் பலகையை இன்னொரு முறை நிதானமாகப் படியுங்கள். கேட்டிருப்பது மண்டல மாற்றம்தானா? பெரும்பாலான நகரங்களில் ஒருவர் மூன்று விதமாக அனுமதி கேட்கலாம். முதலாவது மண்டல மாற்றம்: எந்த இடத்தில் எதைக் கட்டலாம் என்று நிறம் பிரித்துக் காட்டும் நகர வரைபடத்தில் அந்த மனையின் நிறத்தையே மாற்றுவது. இரண்டாவது நிபந்தனை அனுமதி: மண்டலம் அப்படியே இருக்க, குறிப்பிட்ட ஒரு பயன்பாட்டை மட்டும் கட்டுப்பாடுகளோடு அனுமதிப்பது. மூன்றாவது விதித் தளர்வு: மனையின் வடிவம் கோணல், ஓரத்தில் பள்ளம் என்பது போன்ற காரணங்களால், கட்டடத்தைச் சுற்றி விட வேண்டிய இடைவெளி, உயரம் பற்றிய விதிகளில் மட்டும் சலுகை கேட்பது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலத்தான் தெரியும். ஆனால் மூன்றிலும் தீர்மானிப்பவர்கள் கேட்டுக்கொள்ளும் கேள்வி வேறு. மண்டல மாற்றத்தில் ‘இது நகரத்துக்கு நல்லதா, முழுமைத் திட்டத்தோடு, அதாவது நகரம் எப்படி வளர வேண்டும் என்று முன்பே வகுத்த திட்டத்தோடு, ஒத்துப்போகிறதா?’ என்று பார்ப்பார்கள். தீர்மானிக்கும் நகர மன்றத்துக்கு இதில் நிறைய சுதந்திரம் உண்டு. மற்ற இரண்டிலும் விதியில் எழுதியிருக்கும் அளவுகோல்களை விண்ணப்பதாரர் நிறைவேற்றினாரா என்று சான்றை வைத்துத்தான் பார்க்க முடியும். அங்கே போய் ‘எங்களுக்கு வேண்டாம்’ என்று சொன்னால் எடுபடாது. இந்த இரண்டு வகையிலும் உறுப்பினரைத் தனியாகச் சந்தித்துப் பேசுவதே தவறு என்று சில நாடுகளில் விதி இருக்கிறது. கவுன்சிலர் வீட்டுக் கதவைத் தட்டுவதற்கு முன் நகரமைப்பு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

உங்களுடையது மண்டல மாற்றம் என்றே வைத்துக்கொள்கிறேன். சரி, இப்போது அந்த வண்ணப் படத்துக்கு வருவோம். என் அனுபவத்தில் மக்கள் ஏமாறும் இடம் இதுதான். அந்தப் படங்களில் மரங்கள் எப்போதும் இருபது வயதாகி நிழல் தரும், வாகன நிறுத்தத்தில் பாதி காலியாக இருக்கும், மழை பெய்யவே பெய்யாது. அதைவிட முக்கியமானது, மன்றம் வாக்களிக்கப் போவது அந்தப் படத்தின் மேல் அல்ல. வாக்களிப்பது மண்டலத்தின் மேல். மண்டலம் மனையோடு ஒட்டிக்கொள்ளும், ஆளோடு போகாது. இன்றைய உரிமையாளர் சொன்ன சொல்லைக் காப்பாற்றும் நல்ல மனிதராகவே இருக்கட்டும். மாற்றம் கிடைத்த மறு வருடம் மனையை விற்றுவிட்டால், வாங்கியவர் அந்த மண்டலத்தில் என்னவெல்லாம் அனுமதியோ அதில் எதையும் கட்டலாம். ஆகவே படத்தைப் பார்க்காமல் பட்டியலைப் பாருங்கள். ‘வணிக மண்டலத்தில் அனுமதிக்கப்படும் பயன்பாடுகள்’ என்று விதிப் புத்தகத்தில் ஒரு அட்டவணை இருக்கும். அதில் பெட்ரோல் பங்க், வாகனப் பழுதுபார்ப்புக் கூடம், இரவெல்லாம் இயங்கும் கடை எல்லாம் இருக்கிறதா என்று தேடுங்கள். ஒரே கடிதத்தில் இதைச் சொல்லிவிடலாம்: ‘சூப்பர் மார்க்கெட்டை நாங்கள் எதிர்க்கவில்லை. இந்த மாற்றம் அட்டவணையின் இத்தனையாவது வரிசையில் உள்ள பெட்ரோல் பங்குக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.’

அடுத்ததாக முழுமைத் திட்டத்தின் எதிர்கால நிலப் பயன்பாட்டு வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். இன்றைய மண்டல வரைபடம் வேறு, இது வேறு. உங்கள் தெருக்கோடி அதில் ஏற்கெனவே வணிகப் பகுதியாகக் குறிக்கப்பட்டிருந்தால், மாற்றத்தைத் தடுக்கும் வாய்ப்பு குறைவு. அந்தத் திட்டத்துக்குக் கருத்துக் கேட்ட காலத்திலேயே, யாரும் வராத ஒரு கூட்டத்தில், அது முடிந்து போயிருக்கும். அப்படியானால் எதிர்ப்பில் நேரத்தைச் செலவிடாமல் நிபந்தனைகளுக்குப் போராடுங்கள். மாறாக, அந்த வரைபடத்திலும் குடியிருப்பு என்றே இருந்து, சுற்றிலும் வீடுகளாக இருந்தால், உங்கள் கை ஓங்குகிறது. சுற்றியுள்ள எதற்கும் பொருந்தாமல் ஒரே ஒரு மனைக்கு மட்டும் சலுகை தரும் மாற்றத்தை நீதிமன்றங்களும் பல இடங்களில் சந்தேகத்தோடுதான் பார்க்கின்றன.

இந்த மண்டலப் பிரிப்பு ஏன் வந்தது என்பதை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன், வாதத்துக்கு உதவும். அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரை ஒட்டிய யூக்லிட் என்ற சிற்றூர் 1922ல் நிலங்களை வகை பிரித்தது. அங்கே 68 ஏக்கர் வைத்திருந்த ஆம்ப்ளர் ரியாலிட்டி நிறுவனம் வழக்குப் போட்டது. தொழிற்சாலைக்கு விற்றால் ஏக்கருக்கு 10,000 டாலர் கிடைக்கும், வீடு கட்ட மட்டும் என்றால் 2,500 டாலர்தான் என்பது அதன் குறை. 1926ல் உச்ச நீதிமன்றம் ஊரின் பக்கம் நின்றது. நீதிபதி சதர்லேண்ட் தீர்ப்பில் சொன்ன உவமை இன்றும் நகரமைப்பு வகுப்புகளில் அடிபடுகிறது: தொல்லை என்பது சில சமயம் சரியான பொருள் தவறான இடத்தில் இருப்பதுதான், தொழுவத்துக்குப் பதிலாகக் கூடத்தில் நிற்கும் பன்றியைப் போல. சூப்பர் மார்க்கெட் கெட்டது என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. இந்த இடத்தில், இந்தத் தெருவில், அதனால் என்ன ஆகும் என்று காட்டினால் போதும்.

அதை எப்படிக் காட்டுவது? கணக்குப் போட்டுத்தான். தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4,000 சதுர மீட்டர். 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் 2 லட்சம் லிட்டர். பத்தாயிரம் லிட்டர் லாரியில் இருபது லாரித் தண்ணீர். காலி மண்ணாக இருந்தால் அதில் ஒரு பங்கு உள்ளே இறங்கும். கூரையும் கான்கிரீட்டும் போட்டுவிட்டால் கிட்டத்தட்ட முழுவதும் வடிகாலைத் தேடி வரும். உங்கள் தெரு வடிகாலின் அகலம் என்ன, இப்போதே எங்கே பொங்குகிறது? நான் பார்த்த ஒரு கூட்டத்தில் ஒரு அம்மா பேசவே இல்லை. ஒவ்வொரு பெருமழைக்கும் தண்ணீர் ஏறிய உயரத்தைத் தன் வீட்டு வாசல் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதி, அளவுகோலை ஒட்டி வைத்துப் படம் எடுத்து வந்திருந்தார். ஏழு கோடு. அதற்கு முன் நாற்பது நிமிடம் உரக்கப் பேசியவர்களை யாரும் குறித்துக்கொள்ளவில்லை. அந்தப் படத்தைப் பார்த்ததும் பொறியாளர் பேனாவை எடுத்தார்.

சத்தமும் அப்படித்தான். ‘சத்தமாக இருக்கும்’ என்று எழுதாதீர்கள். சரக்கு லாரி எந்தப் பக்கம் வந்து நிற்கும் என்று வரைபடத்தில் பாருங்கள். பொதுவாக அது கட்டடத்தின் பின்புறம், அதாவது யாரோ ஒருவருடைய படுக்கையறை ஜன்னலுக்கு எதிரே. விடியற்காலை ஐந்து மணிக்கு லாரி பின்னால் வரும்போது அடிக்கும் ‘பீப் பீப்’ ஓசை படத்தில் கேட்காது. திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் ஒலி ஏறக்குறைய 6 டெசிபல் குறையும். சரக்கு இறக்கும் இடத்தை உங்கள் மதிலிலிருந்து 10 மீட்டரில் வைப்பதற்குப் பதில் 40 மீட்டருக்குத் தள்ளினால் 12 டெசிபல் குறைகிறது. 10 டெசிபல் குறைந்தாலே காதுக்குப் பாதியாகத் தோன்றும். அதோடு ஒரு மதிலும் கேளுங்கள்.

போக்குவரத்தில் மட்டும் கொஞ்சம் எச்சரிக்கை. ‘இன்று இங்கே ஒரு வண்டியும் வருவதில்லை’ என்று காலி மனையோடு ஒப்பிட்டால் அதிகாரிகள் சிரிப்பார்கள். அவர்கள் ஒப்பிடுவது இப்போதைய மண்டலத்தில் கட்டக்கூடியதோடு. அமெரிக்கப் போக்குவரத்துப் பொறியாளர்களின் கணக்கில் ஒரு தனி வீட்டிலிருந்து வேலை நாளில் 9 அல்லது 10 வண்டிப் பயணங்கள். அதே மனையில் 20 வீடு வந்தாலும் நாளுக்கு 200 பயணத்தை நெருங்கிவிடும். ஆகவே மொத்த எண்ணிக்கையோடு, எந்த நேரத்தில், எந்த வாசல் வழியாக என்பதையும் கேளுங்கள். வாசல் உங்கள் தெருவுக்கா, பெரிய சாலைக்கா என்பதில்தான் பாதிச் சண்டை தீரும்.

எதைச் சொல்லக் கூடாது என்பதும் முக்கியம். ‘எங்கள் வீட்டு விலை இறங்கும்’ என்பது இங்கிலாந்து போன்ற இடங்களில் கணக்கிலேயே எடுக்கப்படாது. ஜன்னல் காட்சி மறையும் என்பதும் அப்படியே. ‘எந்த மாதிரி ஆட்கள் வருவார்களோ’ என்ற பேச்சு வேண்டவே வேண்டாம். அது நியாயமும் இல்லை, உங்கள் பக்கத்துக்கே எதிராகத் திரும்பக்கூடும். பக்கத்துத் தெருக் கடைக்காரரை முன்னால் நிறுத்தாதீர்கள். போட்டியைத் தடுப்பதற்கு மண்டல விதி இல்லை.

அப்புறம், ஒரு விஷயத்தை உங்களுக்குள்ளேயே பேசிக்கொள்ளுங்கள்: நடந்து போகும் தூரத்தில் ஒரு கடை வருவது உண்மையிலேயே கெடுதலா? ஜப்பானில் மிகக் கண்டிப்பான தாழ்ந்த உயரக் குடியிருப்பு மண்டலத்தில்கூட வீட்டோடு சேர்ந்த சிறிய கடைக்கு, 50 சதுர மீட்டர் வரை, இடம் உண்டு. அதனால் அந்தத் தெருக்கள் கெட்டுப்போய்விடவில்லை. கடையே கூடாது என்று நிற்பவர்களைவிட, ‘சின்னதாக வரட்டும், பத்து மணிக்கு மூடட்டும், விளக்கு கீழ்நோக்கி இருக்கட்டும், சரக்கு பெரிய சாலைப் பக்கம் இறங்கட்டும்’ என்று கேட்பவர்களுக்கு ஏதாவது கிடைத்ததைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன். இது என் கருத்து. உங்கள் தெருவில் ஒத்துக்கொள்ளாதவர்கள் இருக்கலாம். ஆனால் நிபந்தனை எதுவானாலும் அது வாய்மொழியாக இருந்தால் பயனில்லை. மண்டலத் தீர்மானத்தோடு சேர்த்தோ, பதிவு செய்த ஒப்பந்தமாகவோ, அடுத்து வாங்குபவரையும் கட்டுப்படுத்தும்படி எழுத்தில் வர வேண்டும். உங்கள் நகரில் மண்டல மாற்றத்துக்கு நிபந்தனை போட முடியாதென்றால், ‘மண்டல மாற்றத்தைக் கைவிட்டு நிபந்தனை அனுமதியாகக் கேளுங்கள்’ என்று விண்ணப்பதாரரிடமே சொல்லிப் பாருங்கள். உண்மையிலேயே சூப்பர் மார்க்கெட் மட்டும்தான் என்றால் அவருக்கு அதில் பெரிய நஷ்டம் இருக்காது. அவர் மறுத்தால் அதுவும் கூட்டத்தில் சொல்லத் தக்க ஒரு தகவல்தான்.

மூன்று வாரம் என்று சொன்னீர்கள். உண்மையில் அவ்வளவு இல்லை. கூட்டத்துக்குச் சில நாட்களுக்கு முன்பே நகரமைப்பு ஊழியர் ஒரு அறிக்கை எழுதி உறுப்பினர்களுக்குக் கொடுத்துவிடுவார். பலர் அதைப் படித்துவிட்டு ஏறக்குறைய முடிவோடுதான் வருவார்கள். உங்கள் கடிதம் அந்த அறிக்கை எழுதப்படுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். அறிக்கை என்றைக்கு என்று தொலைபேசியிலேயே கேட்கலாம், மறைக்க மாட்டார்கள். கூட்டத்தில் ஒருவருக்கு மூன்று நிமிடம் தருவது பல இடங்களில் வழக்கம். பத்து பேர் ஒரே விஷயத்தைச் சொல்லாமல், ஒருவர் தண்ணீர், ஒருவர் சத்தம், ஒருவர் வாசல், ஒருவர் அட்டவணை என்று பிரித்துக்கொள்ளுங்கள். கையெழுத்துத் தாளைக் கடைசியாகப் பேசுகிறவர் கொடுக்கட்டும்.

வக்கீல்? இப்போது வேண்டாம். தோற்ற பிறகு மேல்முறையீடு என்று நினைத்தால் வேண்டும். அதற்கான கெடு பல இடங்களில் 30 நாள், சில இடங்களில் அதைவிடக் குறைவு. கருத்துக் கேட்புக் கூட்டத்தில் பதிவாகாத வாதத்தை மேல்முறையீட்டில் புதிதாகக் கிளப்ப முடியாத ஊர்களும் உண்டு. அதனால் சொல்வதையெல்லாம் எழுத்திலும் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வையுங்கள். நாளைக்கே அலுவலகம் போய் விண்ணப்பத்தின் முழு நகல், அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளின் அட்டவணை, எதிர்கால நிலப் பயன்பாட்டு வரைபடம் ஆகிய மூன்றையும் கேளுங்கள். வண்ணப் படம் விண்ணப்பத்தோடு இணைக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். பெரும்பாலும் இருக்காது.