கேள்வி – பதில்: கடைசி மடை வரை நடந்து பாருங்கள்

கேள்வி: நீர்மின் திட்டம் ஒன்று சுற்றுவட்டார மக்களின் வாழ்க்கையை எப்படி மாற்றியிருக்கிறது என்பதை நேரில் அறிய, எங்கள் கல்லூரியின் புவியியல் மாணவர்களை தேனி மாவட்டத்தின் மலையடிவாரத்தில் உள்ள லோயர் கேம்ப்புக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். மூன்று நாட்கள் கிடைக்கும். எங்கே தொடங்குவது, யாரிடம் என்ன கேட்பது என்று கூறுங்கள்.
— பேராசிரியை ஒருவர், மதுரை

பதில்: மின்நிலையத்துக்கு அரை நாள் போதும், அம்மா. மற்ற நேரத்தையெல்லாம் அங்கிருந்து தண்ணீர் போகும் வழிக்குக் கொடுங்கள்.

1895-இல் ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுயிக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணை மின்சாரத்துக்காக எழுந்ததன்று. மேற்கே ஓடிய ஆற்றை, மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திருப்பி, வைகைப் பாசனத்துக்குத் தருவதே அதன் நோக்கம். மலையிலிருந்து இறங்கும் அதே நீரைக் கொண்டு லோயர் கேம்ப்பில் மின்சாரம் எடுக்கத் தொடங்கியது ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்குப் பின்னர்தான். அங்குள்ள நான்கு இயந்திரங்களில் எந்த மாதத்தில் எத்தனை ஓடின, ஏன் ஓடின என்று பொறியாளர்களிடம் கேளுங்கள். குடிநீருக்கு மட்டும் சிறிதளவு திறக்கும் காலத்தில் உற்பத்தி நின்றுவிடும். தண்ணீர் மின்நிலையத்துக்குள் போகாமல், இரைச்சல் பாலம் என்ற மாற்றுவழியில் இறங்கிவிடும். மின்சாரம் இங்கே பாசனத்தின் பின்னால் நடக்கிறது என்பது அப்போது மாணவர்களுக்குத் தானாகவே விளங்கும்.

பெரியாற்று நீர்த்தேக்கம் கேரளத்தின் புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், அணை விழுங்கிய நிலத்தைப் பற்றி அங்கே சென்று படிக்க இயலாது. அதற்கு வைகை அணையே ஏற்றது. 1959-இல் திறக்கப்பட்ட இந்த அணையில் 71 அடி வரை நீர் தேக்கலாம். சிறிய மின்நிலையம் ஒன்றும் உண்டு. ஆண்டிப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் எழுபது வயதைக் கடந்தவர்களிடம், தங்கள் குடும்பத்து நிலம் எதுவும் நீருக்குள் போனதா, ஈடாக என்ன கிடைத்தது என்று பொறுமையாகக் கேளுங்கள். அச்சிட்ட வினாத்தாளை நீட்டினால் வாய் திறக்க மாட்டார்கள். திண்ணையில் உட்கார்ந்து பேசினால் பேசுவார்கள்.

உண்மையான படிப்பு மூன்றாம் நாள்தான். வைகை அணைக்குக் கீழே பேரணை என்னும் இடத்தில் பிரியும் பெரியாறு பிரதானக் கால்வாயைத் தொடர்ந்து வாருங்கள். கள்ளந்திரி வரை 45,041 ஏக்கர் இருபோகம். அதற்குக் கீழே மேலூர்ப் பக்கம் 85,563 ஏக்கர் ஒருபோகம். ஒரே கால்வாய், ஒரே தண்ணீர். ஆயினும் ஒரு மதகைத் தாண்டியதும் வயலின் கதை மாறிவிடுகிறது. மேலூர்ப் பக்கத்துக் கண்மாய் ஒன்றின் மடையருகே, தண்ணீர் நேற்று நின்ற இடத்தில் குச்சி நட்டு வைத்திருந்த பெரியவர் ஒருவரைக் கண்டேன். நான் பார்த்தபோது ஈரம் அந்தக் குச்சிக்கு ஒரு சாண் கீழே நின்றது. "இது ஏறுதா இறங்குதான்னு பாத்துத்தான் நாத்துப் பாவணும்" என்றார். மின்நிலையத்தின் எந்தக் கருவியும் எனக்கு அவ்வளவு தெளிவாக எதையும் சொன்னதில்லை.

கண்மாய் கடைசியாக எப்போது நிரம்பி மறுகால் பாய்ந்தது, முறை வைத்துத் தண்ணீர் விடுவது யார், கடைமடைக்கு வந்து சேர எத்தனை நாட்கள் ஆகின்றன என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். நிலம் உள்ளவரிடம் மட்டும் கேட்டு நிறுத்திவிடாதீர்கள். தண்ணீர் பிந்திய ஆண்டில் நடவு வேலை எத்தனை நாள் கிடைத்தது என்பதைக் கூலிக்குச் செல்லும் பெண்கள் விரல் விட்டுச் சொல்வார்கள். அந்தக் கணக்கு அலுவலகப் பதிவேடுகளில் கிடைக்காது.

ஒன்றை மறக்க வேண்டாம்: இந்தத் தண்ணீரில் மதுரை நகரத்துக்கும் பங்குண்டு. லோயர் கேம்ப்பிலிருந்து குழாய் வழியாக மதுரைக்குக் குடிநீர் கொண்டுவரும் திட்டத்தைக் கம்பம் பள்ளத்தாக்கு விவசாயிகள் எதிர்த்தார்கள். ஆகவே உங்கள் மாணவர்கள் அங்கே வெறும் பார்வையாளர்களாகச் செல்லவில்லை. தங்கள் வீட்டுக் குழாயைப் பற்றியும் அவர்களுக்குக் கேள்வி வரும். அதற்கு முன்கூட்டியே அவர்களை ஆயத்தப்படுத்துங்கள்.

மின்நிலையத்துக்கு மின்வாரியத்திடமும், அணைக்கு நீர்வளத் துறையிடமும் எழுத்துமூல அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள். கால்வாயில் இறங்க யாரையும் விடாதீர்கள்; கரை வழுக்கும், இழுப்பும் அதிகம். தண்ணீர் ஓடும் மாதத்தில் மூன்று நாட்களும் சென்று வாருங்கள். முடிந்தால் ஷட்டர் அடைத்த பிறகு மேலூருக்கு மட்டும் இன்னொரு முறை, ஒரு நாள்.