உதட்டுக்குச் சர்க்கரை போதும், எலுமிச்சை வேண்டாம்

பனி விழத் தொடங்கியதும் உதடு வெடிப்பைப் பற்றிய கடிதங்களும் வரத் தொடங்கிவிடுகின்றன. அவற்றுள் வீட்டிலேயே ஸ்கரப் செய்வது குறித்து வந்த சில கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறேன்.

கேள்வி: குளிர்காலத்தில் என் உதடுகள் செதில் செதிலாக உரிகின்றன. லிப்ஸ்டிக் போட்டால் திட்டுத்திட்டாகத் தெரிகிறது. வீட்டிலேயே ஸ்கரப் செய்ய அளவும் முறையும் கூறுங்கள்.
*– வாசகி, உதகமண்டலம்*

பதில்: அளவைச் சொல்வதற்கு முன் உதட்டைப் பற்றி ஒரு வார்த்தை. கன்னத்துத் தோலுடன் ஒப்பிட்டால் உதட்டின் மேல்படலம் மிக மெல்லியது. அதன் வழியாக உள்ளே ஓடும் நுண்ணிய ரத்தக் குழாய்கள் தெரிவதால்தான் உதடு சிவந்து காணப்படுகிறது. வியர்வைச் சுரப்பிகள் அங்கே கிடையாது. எண்ணெய்ச் சுரப்பிகளும் இல்லையென்றே சொல்லலாம். தனக்கென எண்ணெய்ப் பசை இல்லாத அந்தத் தோல், உங்கள் ஊரின் வறண்ட குளிர்காற்றில் முதலில் காய்ந்துபோவதில் வியப்பில்லை. ஆகவே ஸ்கரப் செய்யும் வேலை, ஏற்கெனவே பிரிந்து நிற்கும் செதிலை எடுப்பது மட்டுமே. ஒட்டிக்கொண்டிருக்கும் தோலைத் தேய்த்துப் பிய்த்தால் புண்தான் மிஞ்சும்.

நாட்டுச் சர்க்கரை ஒரு டீஸ்பூன், தேன் அரை டீஸ்பூன், தேங்காய் எண்ணெய் கால் டீஸ்பூன் எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளைச் சர்க்கரைதான் இருக்கிறதென்றால் அப்படியே போட வேண்டாம். ரேஷன் கடைச் சர்க்கரையின் படிகங்கள் பருமனாகவும் கூர்மையாகவும் இருப்பதால், மிக்ஸியில் ஒரே சுற்று சுற்றிப் பொடி ரவைப் பதத்துக்குக் கொண்டுவந்த பிறகே பயன்படுத்த வேண்டும். மாவாக அரைத்துவிட்டாலோ உதட்டில் பட்டதும் கரைந்துபோய் ஒரு பயனும் இராது. உப்பு கூடவே கூடாது. கண்ணுக்குத் தெரியாத சிறு வெடிப்பிலும் அது சுரீரென்று எரியும். தேங்காய் எண்ணெய் ஏறக்குறைய 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே உறைந்துவிடுமாதலால், உங்கள் ஊரில் அதை உள்ளங்கையில் வைத்துச் சூடு பறக்கத் தேய்த்து இளக்கிக்கொள்ள நேரிடும், அல்லது உருக்கிய நெய்யைச் சேர்க்கலாம். மூன்றையும் குழைத்தால் ஈர மணலைப் போல் இருக்க வேண்டும்.

முதலில் வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த மெல்லிய துணியை இரண்டு மூன்று நிமிடம் உதட்டின்மேல் வைத்திருங்கள். செதில் ஊறி நெகிழ்ந்த பின், மோதிர விரலால் கலவையைத் தொட்டுச் சிறு சிறு வட்டங்களாக அரை நிமிடம் தேய்த்தால் போதும்; ஆள்காட்டி விரலைவிட மோதிர விரலில் அழுத்தம் குறைவாக விழும் என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். கழுவியதும் நீரை ஒற்றி எடுத்துவிட்டு, ஈரம் முழுவதும் காய்வதற்குள் வாசலினோ தேன்மெழுகு சேர்ந்த லிப் பாமோ கனமாகப் பூசிக்கொள்ளுங்கள். பலரும் தவறவிடுவது இந்தக் கடைசிப் படியைத்தான். உண்மையில் உதட்டை மிருதுவாக்குவது சர்க்கரையன்று, உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற விடாமல் மூடிவைக்கும் அந்தப் பூச்சே.

வாரத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம். ரத்தம் கசியும் வெடிப்போ, காய்ச்சலுக்குப் பின் கொத்தாக எழும் கொப்புளமோ இருந்தால் அது ஆறும்வரை தொடவே வேண்டாம். அந்தக் கொப்புளம் ஒரு வைரஸால் வருவதால், தேய்த்தால் பக்கத்துத் தோலுக்கும் விரலுக்கும் பரவக்கூடும். கலவையைச் சிமிழில் அடைத்து வைப்பதைவிட ஒரு முறைக்கு வேண்டியதை மட்டும் குழைத்துக்கொள்வதே மேல்.

கேள்வி: உதட்டுக் கருமை போக, சர்க்கரையில் எலுமிச்சைச் சாற்றைப் பிழிந்து தேய்த்துவிட்டு வெயிலில் கடைக்குப் போய் வந்தேன். இரண்டு நாள் கழித்து மேலுதட்டின் ஓரத்தில் பழுப்பாகக் கோடு விழுந்துவிட்டது. ஏன்?
*– வாசகி, மதுரை*

பதில்: எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்ததால்தான். எலுமிச்சையின் சாற்றிலும் தோலிலும் உள்ள ஃபியூரோகூமரின் என்னும் பொருள், தோலில் இருக்கும்போது சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டால் அந்த இடத்தைப் புண்படுத்திவிடும். சிவப்பும் எரிச்சலும் ஓரிரு நாள் கழித்தே தோன்றுவதால் காரணம் எலுமிச்சைதான் என்று பலருக்கும் தோன்றுவதில்லை. அந்தப் பழுப்புக் கோடு மங்கச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை ஆகலாம்; அதுவரை அதன்மேல் எதையும் தேய்க்காமல், வெளியே செல்லும்போது வெயிலைத் தடுக்கும் எஸ்பிஎஃப் 30 உள்ள லிப் பாம் பூசிவாருங்கள். கருமையைப் போக்க எண்ணிக் கருமையை வாங்கிக்கொண்ட கதை உங்களுடையது மட்டுமன்று.

உதட்டின் இயல்பான நிறத்தை எந்த ஸ்கரப்பாலும் மாற்ற இயலாது. பீட்ரூட் சாறு சேர்த்தால் சிவக்கிறதே என்பார்கள். அது சாயம், இரண்டு வேளைச் சாப்பாட்டில் போய்விடும். பட்டைப் பொடி சேர்த்தால் உதடு தடித்து அழகாகத் தெரியும் என்று செய்முறைக் காணொளிகளில் சொல்கிறார்கள். அந்தத் தடிப்பு எரிச்சலால் உண்டாகும் வீக்கமே. சிலருக்கு அதுவே ஒவ்வாமையாக முற்றிவிடும். சமையல் சோடாவும் இதே வகையில் விலக்க வேண்டியதுதான்.

கேள்வி: என் ஒன்பது வயது மகளின் உதட்டைச் சுற்றி வளையம்போல் சிவந்து காய்ந்திருக்கிறது. அவளுக்கு இந்தச் சர்க்கரைக் கலவையைப் போடலாமா?
*– வாசகர், ஈரோடு*

பதில்: வேண்டாம். அவள் அடிக்கடி உதட்டை நாக்கால் நக்குகிறாளா என்று கவனியுங்கள். எச்சில் காயும்போது தோலின் ஈரத்தையும் கொண்டுபோகும். உணவைச் செரிக்க வைக்கும் அதன் நொதிகள் அந்த மெல்லிய தோலை அரிக்கவும் செய்யும். காய்வதால் நக்குவதும், நக்குவதால் காய்வதுமாக அது ஓயாது. நறுமணமோ சுவையோ இல்லாத வாசலினை நாளுக்கு ஐந்தாறு முறை பூசிவாருங்கள். பழச்சுவை சேர்த்த லிப் பாமை வாங்கிக் கொடுத்தால் இன்னும் நக்குவாள். இரண்டு வாரத்தில் தணியாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: முகப்பருவுக்கு ஐசோட்ரெடினாயின் மாத்திரை எடுத்துவருகிறேன். உதடு பாளம் பாளமாக உரிகிறது. ஸ்கரப் உதவுமா?
*– கல்லூரி மாணவி, திருச்சி*

பதில்: உதவாது, கெடுக்கும். அந்த மாத்திரையை உட்கொள்பவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் உதடு காயும். தோலும் எளிதில் கிழியும் நிலையில் இருக்கும். மாத்திரை முடியும்வரை தேய்ப்பதை அறவே விட்டுவிட்டு, லிப் பாமைக் கைப்பையில் வைத்துக்கொண்டு மணிக்கொருமுறை பூசினாலும் தவறில்லை. தாங்க முடியாமற்போனால் மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாமல், எழுதிக் கொடுத்த மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் உதட்டைத் தேய்க்கலாமா?
*– வாசகி, சேலம்*

பதில்: பல்லின் எனாமலுக்கென்று செய்த தூரிகையை உதட்டில் ஓட்டுவானேன்? ஈரத்துணியே போதும்.

கேள்வி: பல் செட் அணியும் என் தாயாருக்குக் கடைவாயின் இருபுறமும் வெடித்திருக்கிறது. தேன் கலந்த ஸ்கரப் போட்டும் ஆறவில்லை.
*– வாசகர், தஞ்சாவூர்*

பதில்: அது உதடு வறட்சியன்று. வாயின் ஓரத்து மடிப்பில் எச்சில் தேங்கி, அந்த ஈரத்தில் பூஞ்சைக் கிருமி வளர்வதால் பெரும்பாலும் வருவது. இரும்புச் சத்தோ ரைபோஃபிளேவின் என்னும் பி2 வைட்டமினோ குறைந்தாலும் வரும். தேய்ப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பூஞ்சைக்கான களிம்பு தேவையா, ரத்தப் பரிசோதனை தேவையா என்பதை அவர் பார்த்துச் சொல்வார். பல் செட் தளர்ந்து வாய் உள்வாங்கியிருந்தாலும் இந்த மடிப்பு ஆழமாகும் என்பதால், அதைப் பல் மருத்துவரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள். இரவில் செட்டைக் கழற்றிச் சுத்தம் செய்து தண்ணீரில் போட்டுவைக்கிறாரா என்பதையும் கேளுங்கள்.