வாசகர் கேள்வி–பதில்: களிமண் நிலமும் பழைய சுழல் கலப்பையும்

கேள்வி: பிரிட்டனில் உள்ளூர் மன்றத்திடமிருந்து ஆண்டு வாடகைக்குப் பெற்ற, ஏறத்தாழ 250 சதுர மீட்டர் தோட்ட நிலத்தில் காய்கறி பயிரிடுகிறேன். மண் கனத்த களிமண். 1960களில் செய்யப்பட்ட, பின்னால் நடந்து ஓட்டும் பெட்ரோல் சுழல் கலப்பை ஒன்று கிடைத்தது. சென்ற மார்ச்சில் அதைப் பல முறை ஓட்டி மண்ணை மாவாக்கினேன். அடுத்த மழையில் மேல்மண் ஓடுபோல் இறுகியது. பாத்தியிலும் தண்ணீர் தேங்குகிறது. கலப்பை பழையது என்பதுதான் காரணமா?

பதில்: கலப்பையின் வயதுக்கும் இதற்கும் தொடர்பு குறைவு. உங்கள் நிலத்தில் இரண்டு வெவ்வேறு கோளாறுகள் ஒரே நாளில் நேர்ந்திருக்கின்றன. முதலாவது, பல முறை ஓட்டியதால் மண்ணின் குருணைகள் உடைந்து, 0.002 மில்லிமீட்டருக்கும் சிறிய களித்துகள்கள் பிரிந்து, மழைத்துளி பட்டதும் துளைகளை அடைத்துக்கொண்டன. இரண்டாவது, அடிமண்ணில் ஏற்பட்டது. மார்ச்சில் மேலே இரண்டு அங்குலம் உலர்ந்திருந்தாலும் கீழே ஈரம் மிகுந்திருக்கும். சுழல் கலப்பையின் கத்திகள் பெரும்பாலும் ‘எல்’ வடிவில் வளைந்தவை. 1912இல் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் சுழல் கலப்பைக்கான சோதனைகளைத் தொடங்கிய ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட், மண் பக்கவாட்டில் சிதறுவதைத் தவிர்க்கவே இந்த வடிவத்துக்கு வந்தார். ஆனால் அந்தக் கத்தியின் படுக்கைப் பகுதி ஈரக் களிமண்ணில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே ஆழத்தைத் தேய்த்து மெழுகிவிடும். கத்தி மழுங்கியிருந்தால் இன்னும் மோசம். நீர் இறங்காமல் தேங்குவது அந்த மெழுகிய தளத்தின் மேல்தான். ஒரு மண்வெட்டி ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள்: வேர்கள் ஓரிடத்தில் கிடைமட்டமாகத் திரும்பியிருந்தால் ஐயமே வேண்டாம். அந்தத் தளத்தை, மண் உலர்ந்திருக்கும் நாளில், முள்மண்வெட்டியை ஊன்றி நெம்பி உடைப்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓட்டுவதற்கு உரிய நாளை மண்ணே சொல்லும். கத்தி இறங்கும் ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் திரிபோல் உருட்டுங்கள். 3 மில்லிமீட்டர் தடிப்புக்கு வந்த பின்னும் உடையாமல் நீண்டுகொண்டே போனால் ஈரம் அதிகம். அன்று இயந்திரத்தைக் கொட்டகையிலேயே விட்டுவிடுங்கள். அந்தத் தடிப்பை எட்டுமுன்பே வெடித்து உதிர்ந்தால் ஓட்டலாம். பாறைபோல் காய்ந்துவிட்டாலோ கலப்பை துள்ளுமே தவிர மண்ணில் இறங்காது. களிமண்ணில் இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பதம் சில நாள்களே நீடிப்பதால், விடுமுறை நாளுக்காகக் காத்திருப்பவர்களுக்கு அது பெரும்பாலும் தவறிவிடுகிறது.

என் கருத்தில், கனத்த களிமண்ணில் ஆழ உழும் வேலையை இந்த இயந்திரத்திடம் விடவே கூடாது. அக்டோபர், நவம்பரில் மண்வெட்டியால் கிளறி, பெரிய கட்டிகளாகவே போட்டுவிட்டால், குளிர்கால உறைபனி உள்ளிருக்கும் நீரை விரியச் செய்து அவற்றை உடைத்துவிடும். வசந்தத்தில், சுமார் 5 சென்டிமீட்டர் தடிப்புக்கு மட்கிய உரத்தைப் பரப்பி, 5 முதல் 8 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் ஒரே முறை ஓட்டுங்கள். கியர் வசதி இருந்தால் சக்கரத்தை விரைவாகவும் கத்தியை மெதுவாகவும் சுழல விடுங்கள். அப்போதுதான் மண் மாவாகாமல் குருணையாக நிற்கும். வேர்த்தண்டால் பரவும் களைகள் நிலத்தில் இருந்தால் அவற்றைக் கையால் தோண்டி எடுத்த பிறகே கலப்பையை இறக்க வேண்டும். இல்லையேல் துண்டாகும் ஒவ்வொரு கணுவும் ஒரு புதிய செடியாகும்.

கேள்வி: அத்தகைய பழைய இயந்திரத்தில் இன்றைய பெட்ரோலை ஊற்றலாமா? (மற்றொரு வாசகர்)

பதில்: பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோலில் 10 விழுக்காடு வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்களையும் அடைப்புகளையும் அது அரிக்கக்கூடும் என்பதால், 5 விழுக்காட்டுக்கு மிகாத உயர்தர வகையே பொருத்தம். குளிர்காலத்துக்கு முன் தொட்டியையும் கார்புரேட்டரையும் காலி செய்துவிடுங்கள். கிளட்ச் பகுதியைத் திறக்க நேர்ந்தால் தூசியை ஊதாதீர்கள். அக்கால உராய்வுத் தகடுகளில், மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருந்திருக்கலாம். கைப்பிடியை விட்டதும் தானே நிற்கும் அமைப்பும் பல பழைய இயந்திரங்களில் கிடையாது. ஆகவே, பின்னோக்கி நகர்த்தும்போது கத்திகளின் இயக்கத்தைத் துண்டித்துவிட்டு, பின்னால் சுவரோ வேலியோ இல்லை என்று பார்த்த பின்பே கியரை மாற்றுங்கள்.