தனியாக முக்குளிக்க விரும்புபவர் எதை முதலில் வாங்க வேண்டும்?

கேள்வி: ஸ்கூபா பயிற்சி முடித்து இதுவரை 60 முறை முக்குளித்திருக்கிறேன். சிலிண்டர் காற்றைச் சுவாசிக்க உதவும் ரெகுலேட்டரும் மிதவை ஜாக்கெட்டும் சொந்தமாக இருக்கின்றன. நீருக்கடியில் படமெடுப்பதில் ஆர்வம் அதிகம். ஆனால் ஒரே பாறையருகே 20 நிமிடம் காத்திருக்க எனக்குத் துணையாக வருபவர்கள் விரும்புவதில்லை. ஆகவே தனியாக இறங்கலாம் என்று எண்ணுகிறேன். மேற்கொண்டு என்ன கருவிகள் வாங்க வேண்டும், எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: கருவிகளுக்குப் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். துணைக்கு வருபவர் உங்களுக்காக மூன்றைச் சுமந்து வருகிறார்: உபரிக் காற்று, உங்கள் முதுகுப்புறத்தை எட்டக்கூடிய இரண்டு கைகள், உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும் கண்கள். முதலிரண்டுக்கும் ஓரளவு மாற்று ஏற்பாடு செய்துகொள்ள முடியும். மூன்றாவதற்கு மாற்று எந்தக் கடையிலும் கிடையாது. நீருக்கடியில் நினைவிழந்த ஒருவரை அவருடைய கருவிகள் காப்பாற்றுவதில்லை. முக்குளிப்பு மரணங்களில் இதயக் கோளாறுக்குக் கணிசமான பங்கு உண்டு என்பதால், தனியாக இறங்க நினைப்பவர் வாங்க வேண்டிய முதல் பொருள் ஒரு முழுமையான மருத்துவப் பரிசோதனைதான். வயது நாற்பதைத் தாண்டியிருந்தால் இதயப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

அடுத்து அனுபவம். முக்குளிப்புப் பயிற்சி அமைப்புகளான எஸ்.டி.ஐ. (SDI) நடத்தும் தனி முக்குளிப்புப் பயிற்சியிலும் சரி, பி.ஏ.டி.ஐ. (PADI) நடத்தும் தற்சார்புப் பயிற்சியிலும் சரி, சேர்வதற்கே பதிவேட்டில் 100 முக்குளிப்புகள் இருக்க வேண்டும். உங்களுக்கு இன்னும் 40 மீதமிருக்கிறது. இதை வெறும் சம்பிரதாயமாக நினைக்காமல், அந்த 40 முறையும் துணையோடு இறங்கி, ஆனால் தனியாக இருப்பதைப் போலவே திட்டமிட்டுப் பழகுவதற்குக் கிடைத்த காலமாகக் கொள்ளுங்கள்.

கருவிகளில் முதலிடம் முழுக்க முழுக்கத் தனியான இரண்டாவது காற்று ஏற்பாட்டுக்கே. உங்கள் ரெகுலேட்டரில் இருக்கும் ஆக்டோபஸை, அதாவது பிறரோடு காற்றைப் பகிர்வதற்கான உபரி வாய்ப்பகுதியை, இதில் கணக்கிடாதீர்கள். முதன்மைச் சிலிண்டர் தீர்ந்தாலோ சிலிண்டரில் பொருத்தி அழுத்தத்தைக் குறைக்கும் முதல்நிலைப் பாகம் பழுதானாலோ அதுவும் சேர்ந்தே நின்றுவிடும். தேவைப்படுவது சொந்த ரெகுலேட்டரும் அழுத்தமானியும் கொண்ட, போனி எனப்படும் சிறிய உபரிச் சிலிண்டர். அது எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும் என்பதை ஊகத்துக்கு விடாமல் கணக்குப் போட்டே முடிவுசெய்யலாம்.

12 லிட்டர் சிலிண்டரோடு 10 மீட்டர் ஆழத்தில் சீராக 10 நிமிடம் நீந்திப் பாருங்கள். சிலிண்டரின் அழுத்தம் 30 பார் (அழுத்தத்தின் அலகு) குறைந்தால் நீங்கள் செலவிட்டது 360 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 36. அந்த ஆழத்தில் அழுத்தம் மேற்பரப்பைப் போல் இருமடங்கு என்பதால், மேற்பரப்புக் கணக்கில் உங்கள் தேவை நிமிடத்துக்கு 18 லிட்டர். பதற்றத்தில் மூச்சு இரட்டிப்பாகும். ஆகவே 35 என்று வைத்துக்கொள்வோம். அழுத்தம் மும்மடங்காக இருக்கும் 20 மீட்டரில் காற்று நின்றால், நிலைமையைப் புரிந்துகொள்ள ஒரு நிமிடத்துக்கு 105 லிட்டர், நிமிடத்துக்கு 9 மீட்டர் வேகத்தில் மேலேறச் சுமார் 155, பாதுகாப்புக்காக 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க 160 என மொத்தம் 420 லிட்டர் வேண்டும். 200 பாரில் நிரப்பிய 3 லிட்டர் போனியில் 600 லிட்டர் இருக்கும், அது போதும். இதே கணக்கு 30 மீட்டரில் 590-ஐத் தொட்டுவிடும், அதாவது மிச்சமே இராது. கையடக்கமாக விற்கப்படும் அரை லிட்டர் சிலிண்டரோ 20 மீட்டரில் ஒரு நிமிடம்கூடத் தாங்காது. அதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

போனியை முதுகில் கட்டாமல் இடப்பக்கம் நெஞ்சோரமாகத் தொங்கவிடுவதே என் விருப்பம். மானி கண்ணுக்குத் தெரியும், வால்வு கைக்கு எட்டும். அதன் மவுத்பீஸ் நிறத்தில் மட்டுமன்றித் தொட்டாலே தெரியும்படியும் வேறுபட்டிருக்க வேண்டும். மேற்பரப்பில் தவறுதலாகப் போனியை வாயில் வைத்துக்கொண்டு இறங்குவதும், நடுவழியில் அது தீர்ந்ததும் காரணம் புரியாமல் திகைப்பதும் இத்துறையில் நன்கு அறியப்பட்ட விபத்து. போனியில் உள்ள காற்றை முக்குளிப்புத் திட்டத்தில் ஒருபோதும் சேர்க்காதீர்கள்.

இனி, எட்டாத இடத்தைப் பற்றி. பல ஆண்டுகளுக்கு முன் 12 மீட்டர் ஆழத்தில் யாரோ விட்டுச்சென்ற தங்கூசி மீன்பிடி நூல் என் சிலிண்டர் வால்வில் சிக்கியது. கத்தி கெண்டைக்காலில் கட்டியிருந்தது. அதை எடுக்கக் குனியும்போதெல்லாம் நூல் இன்னும் இறுகியது. கூட வந்தவர் இரண்டே நொடியில் அறுத்துவிட்டார். அவர் இல்லாதிருந்தால் நான் நீருக்கடியிலேயே ஜாக்கெட்டைக் கழற்ற வேண்டியிருந்திருக்கும். அன்று முதல் நூலறுக்கும் சிறு கட்டர் ஒன்றை நெஞ்சுப் பட்டையிலும், தடித்த கயிற்றை வெட்டும் கத்தரிக்கோலை இடுப்பிலும் வைத்திருக்கிறேன். எந்தக் கையாலும் எடுக்கும்படி இருப்பதுதான் முக்கியம். ஜாக்கெட்டைக் கழற்றி, சிக்கலை நீக்கி, மீண்டும் அணிவதையும் நீச்சல் குளத்தில் கைகள் தாமாகச் செய்யும்வரை பழகுங்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிட்டுக் காட்டும் டைவ் கம்ப்யூட்டர் இரண்டு வேண்டும். மடித்து வைக்கக்கூடிய உபரி முகக்கவசம் ஒன்று, நூல்சுருளோடு ஊதி மேலே அனுப்பும் அடையாள மிதவை ஒன்று, விசில், விளக்கு ஆகியவையும் வேண்டும். போனி சேர்ந்ததும், மூழ்குவதற்காக நீங்கள் கட்டிக்கொள்ளும் எடையின் கணக்கு மாறிவிடும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: முதன்மைச் சிலிண்டரில் 50 பார் மட்டும் இருக்கும்போது, காலி ஜாக்கெட்டோடு 5 மீட்டரில் அசையாமல் நிற்க முடிகிறதா என்று மீண்டும் சோதியுங்கள்.

இடத்தைப் பொறுத்தவரை, துணையோடு பலமுறை இறங்கிய, மேலே கூரையாக எதுவுமில்லாத, நீரோட்டம் குறைந்த இடமாகவும், தொடக்கத்தில் 15 மீட்டருக்கு மேற்படாத ஆழமாகவும் இருக்கட்டும். கரையில் அல்லது படகில் ஒருவரிடம் எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்கு மேலே வருவீர்கள், எத்தனை மணியானால் உதவிக்கு அழைக்க வேண்டும் என்ற மூன்றையும் எழுதியே கொடுங்கள். வாய்மொழியாகச் சொன்ன நேரத்தைக் கேட்டவர், “இன்னும் கொஞ்சம் பார்ப்போம்” என்று காத்திருந்துவிடுவார். உங்கள் காப்பீடு தனி முக்குளிப்பை ஏற்கிறதா என்றும் முன்கூட்டியே படித்துப் பாருங்கள்.

கடைசியாக, உங்கள் கேமரா. லென்ஸின் வழியே பார்த்துக்கொண்டிருப்பவர் மானியைப் பார்ப்பதில்லை; நீங்கள் தனியாக இறங்க விரும்புவதற்கான காரணமே உங்கள் மிகப் பெரிய ஆபத்தாகவும் இருக்கிறது. எனவே தனியாக இறங்கும் முதல் 10 முறை கேமராவைக் கரையிலேயே விட்டுவிடுங்கள். அதன்பின் எடுத்துச் செல்லும்போது, உடனே கழற்றிவிடக்கூடிய கொக்கியில் மாட்டி, ஐந்து படங்களுக்கு ஒருமுறை நிறுத்தி, இரண்டு அழுத்தமானிகளையும் பார்த்த பிறகே ஆறாவது படத்தை எடுங்கள்.